டோவர் வழக்கு: பரிணாமப் பாடம் கோர்ட் படியேறியபோது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

உயிரியல் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் பரிணாமம் பற்றி என்னிடம் கேள்வி வராத வருஷம் கிடையாது. வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள், வெளியே அவர்களுடைய அப்பா அம்மா கேட்பார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூடக் கேட்டிருக்கிறார். பாதிக் கேள்வி அறிவியல் பற்றி, மீதி சாமி பற்றி. இரண்டுக்கும் சேர்த்து நான் எடுத்துச் சொல்வது 2005-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த டோவர் பள்ளி வழக்கைத்தான். அதைச் சொல்லி முடித்ததும் வருகிற கேள்விகள் அநேகமாக ஒரே மாதிரி இருப்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், என்னதான் நடந்தது?

யார்க் கவுண்டியில் இருக்கிற சின்ன ஊர் டோவர். அந்த வட்டாரத்துப் பள்ளிகளை நடத்துவது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒன்பது பேர் வாரியம். 2004 அக்டோபர் 18-ஆம் தேதி அந்த வாரியம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. டார்வினுடைய கோட்பாட்டில் இருக்கிற ஓட்டைகளையும், 'அறிவார்ந்த வடிவமைப்பு' உள்ளிட்ட வேறு கோட்பாடுகளையும் மாணவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது தீர்மானம். எதிர்த்து ஓட்டுப் போட்ட மூவரில் இருவர், கணவனும் மனைவியும், அன்று ராத்திரியே ராஜினாமா செய்துவிட்டார்கள். அடுத்த மாதம் வாரியம் இன்னொரு அடி எடுத்து வைத்தது. 2005 ஜனவரியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு உயிரியலில் பரிணாமப் பாடத்தை ஆரம்பிக்கும் முன்னால் நான்கு பத்தி அறிக்கை ஒன்றை ஆசிரியர்கள் வாசித்தாக வேண்டும் என்று அறிவித்தது.

டிசம்பர் 14-ஆம் தேதி 11 பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். முதலில் இருந்த பெயர் டாமி கிட்ஸ்மில்லர் என்ற தாயுடையது, அதனால் 'கிட்ஸ்மில்லர் எதிர் டோவர்' என்றே அந்த வழக்கு அறியப்படுகிறது. ஹாரிஸ்பர்க் நகரிலுள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் 2005 செப்டம்பர் 26 முதல் நவம்பர் 4 வரை விசாரணை. ஜூரி கிடையாது, நீதிபதி ஒருவரே கேட்டு முடிவு சொன்னார். டிசம்பர் 20-ஆம் தேதி 139 பக்கத்துக்குத் தீர்ப்பு வந்தது. பெற்றோர்கள் ஜெயித்தார்கள்.

நாலு பத்தி அறிக்கைதானே? ஒரு நிமிஷத்தில் வாசித்துவிடலாமே, அதற்கு இவ்வளவு பெரிய வழக்கா?

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அறிக்கையைப் படித்த பிறகு தோன்றவில்லை. அதன் சாரம் இதுதான்: மாநிலப் பாடத்திட்டம் கேட்பதால் டார்வின் கோட்பாட்டைப் படிக்கிறோம், தேர்வும் எழுதுகிறோம், ஆனால் அது ஒரு கோட்பாடு, உண்மை கிடையாது, அதில் ஆதாரமில்லாத இடைவெளிகள் இருக்கின்றன, உயிரின் தோற்றத்துக்கு அறிவார்ந்த வடிவமைப்பு என்று வேறொரு விளக்கம் உண்டு, அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' என்ற புத்தகம் இருக்கிறது, திறந்த மனதோடு இருங்கள்.

வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பதினாலு வயசுப் பிள்ளையின் காதில் இது எப்படி விழும்? வருஷம் முழுக்க அணு, செல், ஒளிச்சேர்க்கை, மரபணு என்று எத்தனையோ கோட்பாடுகளைப் படிக்கிறான். எதற்கும் முன்னால் இப்படி ஒரு எச்சரிக்கை வாசிக்கப்படவில்லை. பரிணாமத்துக்கு மட்டும் வாசிக்கப்படுகிறது. அதோடு வாசித்து முடித்ததும் அதைப் பற்றிக் கேள்வி கேட்கக்கூடாது, பதிலும் சொல்லப்படாது என்று ஏற்பாடு. திறந்த மனது வேண்டும் என்று சொல்லிவிட்டு வாயை மூடு என்பது போல. இந்தப் பாடத்தில் ஏதோ விவகாரம் இருக்கிறது, கவனமாக இரு என்ற செய்திதான் பிள்ளைக்குப் போகும். வழக்கின் மையமே இதுதான்.

பரிணாமம் வெறும் 'தியரி'தானே, நிரூபணம் ஆகாததுதானே?

நாம் பேச்சுவாக்கில் "என் தியரி என்னன்னா..." என்று சொல்லும்போது ஊகம் என்ற அர்த்தத்தில் சொல்கிறோம். அறிவியலில் அந்தச் சொல்லுக்கு எடை வேறு. ஏராளமான கவனிப்புகளையும் சோதனைகளையும் ஒன்றாகக் கோத்து விளக்குகிற, திரும்பத் திரும்பச் சோதித்தும் நிற்கிற விளக்கத்துக்குத்தான் கோட்பாடு என்று பெயர். கிருமியால் நோய் வருகிறது என்பதும் கோட்பாடுதான். அதற்காக அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டர் கை கழுவாமல் இருப்பதில்லை.

டோவர் அறிக்கை இந்த இரண்டு அர்த்தங்களையும் கலந்துவிட்டது. ஒரு வரியில் கோட்பாடு என்றால் நன்கு சோதிக்கப்பட்ட விளக்கம் என்று அதுவே சொல்கிறது. அதற்கு முந்தைய வரிகளில் "இது உண்மை கிடையாது" என்று சந்தேகத்தை விதைத்துவிட்டிருக்கிறது. நீதிபதியும் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பில் எடுத்துச் சொன்னார்.

'அறிவார்ந்த வடிவமைப்பு' என்றால் என்ன? உயிர்களைக் கடவுளே நேரடியாகப் படைத்தார் என்கிற படைப்புவாதம்தானா?

உயிரினங்களில் சில உறுப்புகளும் அமைப்புகளும் மிகவும் சிக்கலானவை, படிப்படியாக உருவாகியிருக்க முடியாது, ஆகவே ஏதோ ஒரு அறிவு அவற்றைத் திட்டமிட்டு அமைத்திருக்க வேண்டும் என்பது அதன் வாதம். அந்த அறிவு யார் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். கடவுள் என்ற சொல் வராது. பைபிள் வசனம் எதுவும் வராது.

ஏன் வராது என்பதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இதற்கு முன்னாலும் ஒரு 'குரங்கு வழக்கு' நடந்ததே?

ஆமாம், 1925-ல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் ஊரில். பரிணாமம் கற்பிக்கக் கூடாது என்று அந்த வருஷம்தான் அங்கே பட்லர் சட்டம் வந்திருந்தது. அந்தச் சட்டத்தைச் சோதித்துப் பார்க்கவே ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் வழக்குக்குச் சம்மதித்தார். அரசுத் தரப்பில் மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், ஸ்கோப்ஸ் தரப்பில் கிளாரன்ஸ் டாரோ. பிரையனையே பைபிள் நிபுணராகச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, யோனாவை மீன் விழுங்கியது முதல் யோசுவாவுக்காகச் சூரியன் நின்றது வரை டாரோ கேள்வி மேல் கேள்வி கேட்டதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பலர் மறந்துபோவது: அந்த வழக்கில் ஸ்கோப்ஸ் தோற்றார். 100 டாலர் அபராதம். அபராதத்தை ஜூரிக்குப் பதில் நீதிபதி விதித்துவிட்டார் என்ற நடைமுறைக் காரணத்தால் 1927-ல் தண்டனை ரத்தானது, ஆனால் சட்டம் 1967 வரை அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் காற்று திசை மாறியது. பரிணாமத்தைத் தடை செய்வது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 1968-ல் ஆர்கன்சா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, தடை வேண்டாம், பரிணாமத்தோடு 'படைப்பு அறிவியல்' என்பதையும் சமமாகச் சொல்லிக்கொடுக்கட்டும் என்று ஆர்கன்சாவும் லூசியானாவும் சட்டம் போட்டன. ஆர்கன்சா சட்டம் 1982-ல் விழுந்தது. லூசியானா சட்டம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1987-ல், ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் விழுந்தது. மதத்தை வளர்ப்பதுதான் அந்தச் சட்டத்தின் நோக்கம் என்றது நீதிமன்றம்.

1987 என்ற வருஷத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்.

ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்?

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறிவியல் ஆசிரியர்கள் அந்த அறிக்கையை வாசிக்க மறுத்தார்கள். கூச்சல், ஊர்வலம் எதுவும் இல்லை. நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஆசிரியர் ஒருவர் தன் பாடத்தைத் தெரிந்தே திரித்துச் சொல்லக் கூடாது என்று பென்சில்வேனியாவின் ஆசிரியர் நடத்தை விதியே சொல்கிறது. இந்த அறிக்கையை நாங்கள் வாசித்தால், அறிவார்ந்த வடிவமைப்பும் ஒரு அறிவியல் கோட்பாடு என்று எங்கள் மாணவர்கள் நம்பிவிடுவார்கள், அப்படி நம்புவது அவர்கள் குற்றமும் ஆகாது. ஆகவே எங்களால் முடியாது என்றார்கள். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் கிடையாது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

2005 ஜனவரியில் அறிக்கையை வாசிக்க நிர்வாக அதிகாரிகளே வகுப்புக்கு வந்தார்கள். அவர்கள் உள்ளே வர, ஆசிரியர்கள் எழுந்து வெளியே போனார்கள். பெற்றோர் கடிதம் கொடுத்திருந்த மாணவர்களும் கூடவே போனார்கள். சொந்த வகுப்பறைக்கு வெளியே நடைவழியில் ஒரு ஆசிரியர் தன் பிள்ளைகளில் சிலரோடு நிற்கிறார், உள்ளே ஒரு அதிகாரி காகிதத்தைப் பார்த்து வாசிக்கிறார். இதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். சம்பளம் வாங்குகிற இடத்தில், சின்ன ஊரில், தெரிந்த முகங்களுக்கு எதிரே "முடியாது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

வழக்குப் போட்டவர்கள் நாத்திகர்களா?

பொதுவாக அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெற்றோர்களில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் இருந்தார்கள், ஞாயிறு பள்ளியோடு தொடர்புடையவர்களும் இருந்தார்கள். அவர்கள் தரப்பின் முதல் சாட்சி, பிரவுன் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர் கென்னத் மில்லர், கடவுள் நம்பிக்கையுள்ள கத்தோலிக்கர். டோவர் பள்ளியில் பயன்படுத்திய உயிரியல் பாடப் புத்தகத்தின் ஆசிரியர்களில் ஒருவரும் அவரே. அதே தரப்புக்காகச் சாட்சி சொன்ன ஜான் ஹாட் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கத்தோலிக்க இறையியலாளர். நீதிபதி ஜான் இ. ஜோன்ஸ், லூத்தரன் கிறிஸ்தவர், குடியரசுக் கட்சிக்காரர், 2002-ல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர்.

அதனால் இதை நம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் நடந்த சண்டை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தங்கள் நம்பிக்கையை அரசுப் பள்ளியில் அறிவியல் என்ற பெயரில் மற்றவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல நினைத்தவர்களுக்கும், அதை வேண்டாம் என்ற மற்ற நம்பிக்கையாளர்களுக்கும் நடுவில் நடந்த வழக்கு அது.

கோர்ட்டில் அறிவியல் எப்படி நிரூபிக்கப்பட்டது? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

மில்லர் சொன்ன குரோமோசோம் கதையை நான் ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் போர்டில் வரைந்து காட்டுகிறேன். மனிதனுக்கு 23 ஜோடி குரோமோசோம். சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 24 ஜோடி. நமக்கும் அவற்றுக்கும் பொது மூதாதை இருந்தால் ஒரு ஜோடி எங்கே போனது? ஒரு முழு ஜோடி தொலைந்து போயிருந்தால் உயிர் பிழைத்திருக்க முடியாது. அப்படியானால் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் தடயம் கிடைக்க வேண்டும். தடயம் கிடைக்காவிட்டால் பொது மூதாதை என்ற பேச்சுக்கே ஆபத்து.

குரோமோசோமின் இரண்டு நுனியிலும் டெலோமியர் என்ற முனைப்பகுதி இருக்கும், ஷூ கயிற்றின் நுனியில் பிளாஸ்டிக் உறை இருக்குமே, அது மாதிரி. நடுவில் சென்ட்ரோமியர் என்று ஒரு பகுதி. இரண்டு கயிறுகளை நுனியோடு நுனி ஒட்டினால், நுனியில் இருக்க வேண்டிய உறை நடுவில் மாட்டிக்கொள்ளும், சென்ட்ரோமியரும் இரண்டு இருக்கும். மனிதனின் இரண்டாம் எண் குரோமோசோமில் அப்படியே இருக்கிறது. டெலோமியர் வரிசை நடுவில் கிடக்கிறது, செயலிழந்த இரண்டாவது சென்ட்ரோமியரின் அடையாளமும் இருக்கிறது. சிம்பன்சியின் இரண்டு தனிக் குரோமோசோம்களோடு அது பொருந்தியும் போகிறது. சிம்பன்சி மரபணுத் தொகுதியின் வரைவு வெளியானது அதே 2005 செப்டம்பரில்தான், விசாரணை தொடங்குவதற்குச் சில வாரம் முன்னால்.

'வெறும் தியரி' என்கிறவர்களுக்கு நான் வேறு எதுவும் சொல்வதில்லை, இந்தப் படத்தைத்தான் வரைகிறேன்.

எதிர்த்தரப்பில் விஞ்ஞானிகள் யாரும் இல்லையா?

இருந்தார்கள். முக்கியமானவர் லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியல் பேராசிரியர் மைக்கேல் பீஹீ. 'குறைக்க முடியாத சிக்கல்' என்பது அவருடைய வாதம்: எலிப்பொறியில் ஒரு பாகத்தை எடுத்தாலும் எலி பிடிக்காது, அதுபோலப் பாக்டீரியா நீந்தப் பயன்படுத்துகிற கசையிழையில் ஒரு புரதம் குறைந்தாலும் வேலை செய்யாது, ஆகவே அது படிப்படியாக வந்திருக்க முடியாது. கேட்கும்போது சரிதானே என்று தோன்றும். அதற்கு மில்லர் சொன்ன பதில், பாகங்களை எடுத்தால் பழைய வேலை நிற்கலாம், மிச்சம் இருப்பது வேறு வேலை செய்யும் என்பது. எலிப்பொறியில் இரண்டு பாகத்தை எடுத்துவிட்டால் டை குத்துகிற கிளிப் ஆகிவிடும். கசையிழையின் அடிப்பகுதிப் புரதங்களில் ஒரு பத்தைப் போன்றவையே சில கிருமிகளில் நச்சைப் பீய்ச்சும் ஊசியாக வேலை செய்கின்றன.

பீஹீயைக் குறுக்கு விசாரணை செய்தவர் எரிக் ராத்ஸ்சைல்ட் என்ற வக்கீல். இரண்டு இடங்கள் மறக்க முடியாதவை. உங்களுடைய வரையறைப்படி பார்த்தால் ஜோசியமும் அறிவியல் கோட்பாடு ஆகுமா என்று கேட்டார். ஆகும் என்று ஒத்துக்கொண்டார் பீஹீ. இன்னொன்று நோய் எதிர்ப்பு மண்டலம் பற்றியது. அது எப்படிப் பரிணமித்தது என்பதற்கு அறிவியலில் பதிலே இல்லை என்று அவர் எழுதியிருந்தார். அதைப் பற்றி வெளிவந்த 58 ஆய்வுக் கட்டுரைகள், ஒன்பது புத்தகங்கள், பாடநூல் அத்தியாயங்கள் சில எல்லாவற்றையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள். குவியல் ஏறிக்கொண்டே போனது. இது போதாது என்பதுதான் அவர் பதில். அந்தக் கட்டுரை ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ சிலர் வருஷக்கணக்காக ஆய்வுக்கூடத்தில் நின்றிருக்கிறார்கள், அதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கும்.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும்: உயிரினங்களுக்குப் பொது மூதாதை உண்டு என்பதைப் பீஹீயே ஏற்கிறவர். 'டார்வின் பொய்' என்று அவர் பெயரைச் சொல்கிறவர்கள் பலருக்கு இது தெரியாது.

வழக்கைத் திருப்பிய ஆதாரம் எது?

ஒரு எழுத்துப்பிழை என்று சொல்வேன்.

பள்ளிக்கு வந்த 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' 1989-ல் வெளியான புத்தகம். அதன் பழைய வரைவுகளைப் பெற்றோர் தரப்பு கோர்ட் உத்தரவு மூலம் வாங்கிவிட்டது. தத்துவப் பேராசிரியர் பார்பரா ஃபாரஸ்ட் அவற்றை வரிக்கு வரி ஒப்பிட்டார். ஆரம்ப வரைவுகளில் ஒரு வரையறை: படைப்பு என்றால் பல்வேறு உயிர் வடிவங்கள் ஒரு அறிவார்ந்த படைப்பாளியால் திடீரென்று, அவற்றின் தனித்தன்மைகளோடு, தோன்றியது, துடுப்போடும் செதிலோடும் மீன், இறகோடும் அலகோடும் பறவை. பிந்தைய வரைவிலும் அதே வாக்கியம் அதே மீன், அதே பறவையோடு இருக்கிறது. 'படைப்பு' என்ற இடத்தில் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். படைப்பு என்ற சொல்லும் அதன் உறவுச் சொற்களும் கிட்டத்தட்ட 150 இடங்களில் இப்படி மாறியிருந்தன. எப்போது மாறின? 1987-ல், லூசியானா தீர்ப்பு வந்த கையோடு.

மாற்றின அவசரத்தில் ஒரு இடத்தில் கை தவறிவிட்டது. 'கிரியேஷனிஸ்ட்ஸ்' (படைப்புவாதிகள்) என்ற சொல்லை எடுத்துவிட்டு 'டிசைன் ப்ரொபொனென்ட்ஸ்' (வடிவமைப்பை ஆதரிப்பவர்கள்) என்று ஒட்டியபோது பழைய சொல்லின் தலையும் வாலும் அழியாமல் தங்கி, 'சிடிசைன் ப்ரொபொனென்ட்சிஸ்ட்ஸ்' என்று எந்த அகராதியிலும் இல்லாத ஒரு சொல் பிறந்துவிட்டது. இரண்டு உயிரினங்களுக்கு நடுவிலான இடைநிலை வடிவத்தைத் தொல்லுயிரியலாளர்கள் தேடுவார்களே, அது போல, படைப்புவாதம் அறிவார்ந்த வடிவமைப்பாக மாறிக்கொண்டிருந்த அந்த நிமிஷம் தாளில் அப்படியே பதிந்து கிடைத்தது.

வாரிய உறுப்பினர்கள் பொய் சொன்னதாகப் படித்தேனே?

நீதிபதியே தீர்ப்பில் அப்படி எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகத்தின் 60 பிரதிகள் யாரோ பெயர் சொல்லாமல் கொடுத்த நன்கொடை என்றுதான் முதலில் சொன்னார்கள். விசாரணையில் வெளிவந்தது இது: பாடத்திட்டக் குழுத் தலைவர் வில்லியம் பக்கிங்ஹாம் தன் சர்ச்சில் பேசி 850 டாலர் திரட்டினார். அந்தப் பணத்துக்கான செக்கை வாரியத் தலைவர் ஆலன் பான்செலிடம் கொடுத்தார். செக் பான்செலின் அப்பா பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. எதற்காக என்று குறிக்கிற இடத்தில் புத்தகத்தின் பெயரே இருந்தது. முன்னதாகச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் கேட்டபோது இருவரும் இதைச் சொல்லவில்லை. பான்செலை நீதிபதியே நேரடியாகக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

தங்கள் மத நம்பிக்கையைப் பற்றி வெளியில் பெருமையாகப் பேசியவர்களே அதன் தடத்தை மறைக்கத் திரும்பத் திரும்பப் பொய் சொன்னார்களே என்று நீதிபதி வருத்தத்தோடு குறிப்பிட்டார். வாரியத்தின் சொந்த வக்கீலே 2004-ல் இது வழக்கில் போய் முடியும், பணம் நிறையச் செலவாகும் என்று எழுத்தில் எச்சரித்திருந்தார். அதையும் கேட்கவில்லை.

தீர்ப்பு என்ன சொன்னது?

மூன்று விஷயம். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் கிடையாது: இயற்கைக்கு அப்பாற்பட்ட காரணத்தை அழைக்கிறது, பரிணாமத்தில் குறை கண்டாலே தன் கட்சி நிரூபணமாகிவிட்டது என்று நினைக்கிறது, அதன் விமர்சனங்களுக்கு விஞ்ஞானிகள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது, அது படைப்புவாதத்தின் வழித்தோன்றல். மூன்றாவது, வாரியத்தின் உண்மையான நோக்கம் மதத்தை வளர்ப்பது, ஆகவே அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்தை மீறுகிறது. அரசு எந்த மதத்தையும் நிலைநாட்டக் கூடாது என்று சொல்லும் திருத்தம் அது. அறிக்கை வாசிப்பதற்கு நிரந்தரத் தடை.

பரிணாமக் கோட்பாடு முழுமையடையாதது என்பதையும் அவர் ஒத்துக்கொண்டார். ஒரு கோட்பாட்டால் எல்லாவற்றையும் இன்னும் விளக்க முடியவில்லை என்பதற்காக, சோதிக்க முடியாத மதக் கருத்தை அறிவியல் வகுப்புக்குள் கொண்டுவர முடியாது என்றார்.

எது அறிவியல் என்று நீதிபதி எப்படி முடிவு செய்யலாம்?

நல்ல கேள்வி. பரிணாமத்தை ஏற்றுக்கொள்கிற அறிஞர்கள் சிலரே இந்தத் தீர்ப்பை இந்த இடத்தில் குறை சொல்லியிருக்கிறார்கள், வாரியத்தின் நோக்கம் மதம் என்று சொன்னாலே வழக்கு முடிந்திருக்குமே என்று. நான் அதை ஏற்கவில்லை. இரண்டு தரப்பும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் என்றுதான் நீதிபதியிடம் கேட்டன. வாரங்கணக்கில் விஞ்ஞானிகளைக் கேட்ட பிறகு, இன்னொரு ஊர் இதே செலவையும் வேதனையையும் படாமல் இருக்க இது உதவும் என்று சொல்லித்தான் அவர் பதில் எழுதினார்.

இரண்டு பக்கத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பிள்ளைகளே முடிவு செய்யட்டுமே, அதுதானே நியாயம்?

என்னிடம் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இது, கேட்கிறவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். வகுப்பில் இரண்டு பக்கம் சொல்ல வேண்டுமானால் இரண்டும் அதே தேர்வை எழுதித் தேறியிருக்க வேண்டும். ஒரு கருத்து ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டு, மற்ற விஞ்ஞானிகள் கிழித்துப் பார்த்து, அதற்கப்புறம் மிஞ்சித்தான் பாடப் புத்தகத்துக்கு வருகிறது. இன்னொன்று அந்த வழியைத் தாண்டாமல் நேராக ஒன்பதாம் வகுப்புக்குள் வர வேண்டும் என்று கேட்டால், விஞ்ஞானிகளை ஒத்துக்கொள்ள வைக்க முடியாத ஒரு வாதத்தைத் தீர்ப்பதற்குப் பதினாலு வயசுப் பிள்ளைகளிடம் கொண்டுபோகிறோம் என்று அர்த்தம். மதங்களின் படைப்புக் கதைகளை இலக்கியத்திலோ சமூகவியலிலோ படிப்பதை யாரும் தடுக்கவில்லை. எனக்கும் அவை பிடிக்கும்.

வழக்குக்குப் பிறகு என்ன ஆனது?

விசாரணை முடிந்து நான்கே நாளில், நவம்பர் 8-ஆம் தேதி, வாரியத் தேர்தல். போட்டியிட்ட பழைய உறுப்பினர்கள் எட்டுப் பேரும் தோற்றார்கள், தீர்ப்பு வருவதற்கு முன்னாலேயே. புதிய வாரியம் மேல்முறையீடு செய்யவில்லை. பெற்றோர் தரப்பின் வழக்குச் செலவு 20 லட்சம் டாலருக்கு மேல். பேசி முடித்து ஏறக்குறைய 10 லட்சம் டாலர் பள்ளி நிர்வாகம் கட்டியது. அது பள்ளிப் பணம், ஊர்க்காரர்களின் வரிப் பணம்.

நீதிபதி ஜோன்ஸுக்குக் கொலை மிரட்டல் வந்தது, குடும்பத்துக்கே காவல் போட வேண்டியதாயிற்று. பிற்பாடு அவர் தான் படித்த டிக்கின்சன் கல்லூரிக்குத் தலைவரானார்.

விசாரணையின் கடைசி நாளில் நடந்தது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாரியத்தின் வக்கீல் பேட்ரிக் கில்லன் எழுந்து, விசாரணை தொடங்கி இன்று நாற்பதாவது நாள், இன்றைக்கு நாற்பதாவது இரவு, வேண்டுமென்றே இப்படி அமைத்தீர்களா என்று கேட்டார். பைபிளில் நோவாவின் வெள்ளத்துக்கு நாற்பது நாள் மழை. சுவாரசியமான தற்செயல்தான், ஆனால் வடிவமைப்பால் நடந்தது இல்லை என்றார் நீதிபதி. ஆறு வாரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. அந்தத் தீர்ப்பு சட்டப்படி கட்டுப்படுத்துவது பென்சில்வேனியாவின் நடு மாவட்டத்தை மட்டும்தான், உச்ச நீதிமன்றம் வரை போகவில்லை. 2008-ல் லூசியானாவும் 2012-ல் டென்னசியும் அறிவார்ந்த வடிவமைப்பு என்ற பெயரே இல்லாமல், பரிணாமம் போன்ற பாடங்களை 'விமர்சன நோக்கில்' நடத்த ஆசிரியர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறோம் என்று சட்டம் போட்டன. அரசின் செயல் மதத்தை வளர்க்கிறதா என்று பார்க்க நீதிபதி ஜோன்ஸ் பயன்படுத்திய 'லெமன் சோதனை' என்ற பழைய அளவுகோலையும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022-ல் கைவிட்டுவிட்டது. இன்று அதே வழக்கு வந்தால் அதே பாதையில் போகும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் 58 கட்டுரைகளும் இரண்டாம் குரோமோசோமும் அங்கேயேதான் இருக்கின்றன.

வகுப்பில் ஒரு பிள்ளை "அப்போ சாமி இல்லையா சார்?" என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஜான் ஹாட் கோர்ட்டில் சொன்ன உதாரணத்தைச் சொல்வேன். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது. ஏன் கொதிக்கிறது? சூட்டால் மூலக்கூறுகள் வேகமாக அலைவதால் என்று சொல்லலாம். யாரோ அடுப்பைப் பற்றவைத்ததால் என்று சொல்லலாம். எனக்கு டீ குடிக்க வேண்டும் போலிருந்ததால் என்றும் சொல்லலாம். மூன்றும் சரியான பதில், ஒன்று மற்றொன்றை விரட்டுவதில்லை. ஆனால் "டீ வேண்டும் என்ற ஆசை மூலக்கூறுகளுக்கு நடுவில் புகுந்து கொதிக்க வைத்தது" என்று இயற்பியல் பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்காது.

போன வருஷம் இதைச் சொன்னபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள், "அடுப்பப் பத்த வச்சது யாருன்னு எந்த கிளாஸ்ல சார் சொல்லித்தருவாங்க?" அதை வீட்டில் பாட்டியிடமும் கேள், கோயிலிலும் சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் கேள், தத்துவம் படித்தவர்களிடமும் கேள், ஆளுக்கொன்று சொல்வார்கள், நீயே யோசி என்றேன். அப்புறம் போர்டுப் பக்கம் திரும்பி இரண்டாம் குரோமோசோமை வரைய ஆரம்பித்தேன். அவள் நோட்டை எடுத்தாள்.